கொத்தமல்லி முளைக்கும் வரை: வீட்டுத் தோட்டம் கற்றுத் தரும் பொறுமை

2020-ஆம் ஆண்டு ரமலானை நம்மில் யாரும் எளிதில் மறக்க முடியாது. ஏப்ரல் 25-ல் நோன்பு தொடங்கியது. ஊரடங்கு. பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை இல்லை. பள்ளியிலிருந்து வாங்கி வரும் நோன்புக் கஞ்சியும் இல்லை. அவரவர் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சினோம். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. மொத்தக் காய்கறி வியாபாரம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டது. சந்தை நம் பகுதிக்கு நெருங்கி வந்ததே தவிர, எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டி வருவது அரிதாகிவிட்டது. கஞ்சியில் போட ஒரு பிடி புதினாவும் கொத்தமல்லியும் கிடைப்பதே பெரும்பாடு.

திருமுல்லைவாயலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் உடைந்த வாளி ஒன்று கிடந்தது. அதில் மண்ணை நிரப்பி, சமையலறையில் இருந்த தனியாவை அப்படியே தூவிவிட்டேன். நான்காம் நாள் முளைக்கவில்லை. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால், என் மகள் விரலால் மண்ணைக் கிளறி ஒவ்வொரு விதையாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். "முளைச்சிருக்கான்னு பாக்குறேன் அத்தா" என்றாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் முந்தைய நாள் நானும் அதையேதான் செய்திருந்தேன்.

அந்த வாளியில் கடைசியில் முளைத்தது ஏழெட்டுச் செடிகள். கத்தரி வெயிலில் அவையும் ஒரு வாரத்தில் கருகிவிட்டன. கொத்தமல்லி தோற்றது எங்களால் மட்டுமல்ல, பருவமும் தவறு என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் அந்த வாளி எங்களுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. பொறுமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பயான்களில் கேட்கிறோம். அதைப் பழகும் இடம் மட்டும் நம் வீட்டில் இல்லை. மளிகைப் பொருள் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் காலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு நாள் காத்திருந்தால்தான் கிடைக்கும் என்று ஒரு பொருளைக் காட்ட வேண்டுமானால், ஒரு தொட்டி மண் போதும்.

ஸப்ர் என்றால் சும்மா இருப்பதல்ல

பொறுமை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. மார்க்க அறிஞர்கள் ஸப்ரை மூன்று வகையாகப் பிரித்து விளக்குவார்கள். முதலாவது, செய்ய வேண்டிய நற்செயலில் சலிப்பின்றி நிலைத்திருப்பது. இரண்டாவது, செய்யக் கூடாததை விட்டுத் தன்னைத் தடுத்துக்கொள்வது. மூன்றாவது, இழப்பு வரும்போது நிலைகுலையாமல் தாங்கிக்கொள்வது.

வணக்கங்களையும் பாவங்களையும் சோதனைகளையும் பற்றிய பிரிவு அது. அதைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது சிறிய உதாரணம்தான். ஆனாலும் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தினமும் தண்ணீர் ஊற்றுவது, தேவையில்லாமல் கை வைக்காமல் இருப்பது, அணில் தின்றாலும் புயல் அடித்தாலும் மீண்டும் விதைப்பது. இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ஒன்று: செய்ய வேண்டியதை விடாமல் செய்வது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் நம்மில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. மொட்டை மாடியோ, ஒரு பால்கனியோ, ஜன்னல் ஓரமோதான் இருக்கும். அதுவே போதும். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாக இருந்தால் காய்கறி வரும். மூன்று நான்கு மணி நேரம்தான் வெயில் என்றால் புதினா, கீரை வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாடகை வீடாக இருந்தால் முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் அல்லது பலகை மீது வையுங்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும். தளத்தில் ஈரம் இறங்காது. அவருக்கும் கவலை இருக்காது.

மண் மட்டும் நிரப்பினால் பை கனக்கும், இறுகியும் போகும். செம்மண், தென்னை நார்க்கழிவு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் பை லேசாக இருக்கும், ஈரமும் நிற்கும். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றிரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் உள்ள உப்பு இளம் வேரைப் பாதிக்கும். கலவையைப் பையில் நிரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட்டுப் பிறகு விதைப்பது நல்லது. முதல் காத்திருப்பு இங்கேயே தொடங்குகிறது.

கீரைக்கு அரை அடி முதல் முக்கால் அடி ஆழம் போதும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஒரு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். பையின் அடிப்பக்கம் தண்ணீர் வெளியேறத் துளைகள் அவசியம்.

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14 முதலே சென்னையில் மாடித் தோட்டத்துக்கான பொருள்களை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. 2021-22-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள தொகுப்பு 225 ரூபாய்க்குத் தரப்பட்டது. ஆறு செடி வளர்ப்புப் பைகள், ஆறு நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய், கையேடு எல்லாம் அதில் இருந்தன. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இந்த ஆண்டு என்ன தருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. மாடித் தோட்டப் பயிற்சி வகுப்புகளும் அங்கே நடந்திருக்கின்றன.

எதை எத்தனை நாள் எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்திருந்தால் பாதிப் பொறுமை தானாக வந்துவிடும். பொதுவான கணக்கு இது:

• வெந்தயக்கீரை: மூன்று நான்கு நாளில் முளைக்கும், 20 முதல் 25 நாளில் பறிக்கலாம்.
• சிறுகீரை, முளைக்கீரை: சுமார் 25 நாள்.
• கொத்தமல்லி: முளைக்க 8 முதல் 15 நாள், இலை பறிக்க 35 முதல் 40 நாள்.
• புதினா: கடையில் வாங்கும் கட்டிலிருந்தே தடித்த தண்டுகளை நடலாம், ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும், தாராளமாகப் பறிக்க இரண்டு மாதம்.
• வெண்டை: 45 நாளில் முதல் காய்.
• கத்தரி: நாற்று ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம்.
• தக்காளி: நாற்று 25 நாள், நட்ட பிறகு 65 முதல் 75 நாள்.
• பச்சை மிளகாய்: நாற்று 40 நாள், நட்ட பிறகு இரண்டரை மாதம்.
• கறிவேப்பிலை: முதல் ஓர் ஆண்டு அதிகம் பறிக்காமல் விட்டுவிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு பாடம் இருக்கிறது. முதன்முதலில் தோட்டம் போடுபவர்கள் தக்காளியில் தொடங்கினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பாதியில் சலித்துவிடும். வெந்தயத்தில் தொடங்கினால் முதல் மாதமே கையில் கீரை இருக்கும். குழந்தைக்கு நோன்பு பழக்கும்போது முதல் நாளே முழு நோன்பு பிடிக்கச் சொல்வதில்லை. அரை நாளில் தொடங்குகிறோம். இதுவும் அப்படித்தான்.

நேரம் தவறாமை பொறுமையின் ஒரு பகுதி என்பதையும் செடிதான் சொல்லித் தந்தது. வெண்டை காய்க்கத் தொடங்கினால் இரண்டு நாளைக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். "இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்" என்று விட்டால் நாரேறி முற்றிவிடும். செடியும் புதிய காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுவது போலவே, செய்ய வேண்டிய நேரத்தில் தள்ளிப்போடுவதும் பொறுமைக்கு எதிரானதுதான்.

இரண்டு: கையைத் தடுத்துக்கொள்வது

மாடித் தோட்டத்தில் செடிகள் சாவது கவனிப்பு குறைந்ததால் மட்டும் அல்ல. அளவுக்கு மீறிய கவனிப்பாலும் சாகின்றன.

விதை மண்ணுக்குள் போனதும் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அதன் பிறகு முதலில் கீழே வேர் இறங்குகிறது. அதற்கு அப்புறம்தான் மேலே முளை வருகிறது. நாம் எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கும் நாள்களில்தான் அதி முக்கியமான வேலை நடக்கிறது. அப்போது கிளறினால் அந்த மெல்லிய வேர் அறுந்துவிடும். என் மகளும் நானும் செய்தது அதைத்தான்.

கொத்தமல்லிக்கு இன்னொரு சங்கதி உண்டு. நாம் விதை என்று நினைக்கும் உருண்டை, உண்மையில் இரண்டு விதைகளை மூடிய காய். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும். சமையலுக்கு வாங்கிய தனியா பழையதாக இருந்தால் முளைப்பு குறையும். விதைக்கென்று விற்பதை வாங்குவது நல்லது. சென்னை வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் கொத்தமல்லி இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும், இல்லையென்றால் கருகும். ஐப்பசி முதல் மாசி வரைதான் அதன் காலம்.

தண்ணீரும் அப்படியே. வாடியது போலத் தெரிந்தால் உடனே ஊற்றுகிறோம். மதிய வெயிலில் ஈரம் இருக்கும்போதே இலை தொங்கும். மாலையில் தானாக நிமிரும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை மறுபடி வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்.

உரத்திலும் அவசரம் ஆபத்து. மக்காத சாணத்தை அப்படியே போட்டால் அது மக்கும்போது வெளியாகும் சூடும் அம்மோனியாவும் வேரைச் சுட்டுவிடும். தழைச்சத்து அதிகமானால் தக்காளிச் செடி பச்சைப்பசேலென்று வளரும், காய் பிடிக்காது. சமையலறைக் கழிவை மூடிய வாளியில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கி வைத்தால் 45 முதல் 60 நாளில் நல்ல உரமாகும். அதில் எலும்பு, இறைச்சி, எண்ணெய்க் குழம்பு போட வேண்டாம். நாற்றமும் எலியும்தான் வரும்.

மீன் கழிவை மட்டும் தனியாகப் பயன்படுத்த வழி இருக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் கலந்து, மூடி போட்ட டப்பாவில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் தேன் போன்ற திரவம் கிடைக்கும். மீன் அமிலம் என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிக்கு மேல் போகாமல் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் போதும். வாரம் ஒரு நாள் மீன் சமைக்கும் நம் வீடுகளில் இதற்குத் தனிச் செலவு வெல்லம் மட்டும்தான்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் கடையில் உள்ள விஷ மருந்தைத் தேடி ஓடத் தோன்றும். நாளைக்கு நம் பிள்ளை அந்த இலையைத்தான் சாப்பிடப்போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய் பூச்சியை உடனே கொல்லாது. அது தின்பதையும் வளர்வதையும் தடுக்கும். பலன் தெரிய நாளாகும். வாரம் ஒரு முறை மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும்.

பாகல், புடலை, பூசணி போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கொடி பூக்கத் தொடங்கியதும் நிறையப் பூ வரும், எல்லாம் உதிரும். "காயே பிடிக்கவில்லை" என்று கொடியைப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். சில நாள் கழித்து, காம்பில் குட்டிக் காய் வடிவம் உள்ள பெண் பூக்கள் வரும். மாடியில் தேனீ குறைவாக இருந்தால் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் நாமே தொட்டு வைக்கலாம். பத்து நாள் பொறுக்காதவர்கள் இழப்பது இரண்டு மாத உழைப்பை.

மனிதன் அவசர சுபாவம் உள்ளவனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்ற கருத்தை அல்அன்பியா அத்தியாயத்தின் 37-ஆம் வசனத்தில் காண்கிறோம். அவசரம் வருவது குற்றமில்லை. வந்த அவசரத்தின்படி கையை நீட்டாமல் இருப்பதுதான் பயிற்சி.

மூன்று: இழப்பைத் தாங்குவது

2020 ஐப்பசியில் தக்காளி நாற்று நட்டோம். தை மாதம் முதல் பழம் சிவந்தது. மகள் அதை மூன்று நாளாகக் காவல் காத்தாள். நன்றாகச் சிவந்ததும் வெள்ளிக்கிழமை பறிப்பது என்று முடிவு. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் அணில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அவள் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. இனிமேல் செடியே வேண்டாம் என்றாள்.

அவளுடைய நன்னிமாதான் சமாதானப்படுத்தினார். ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. "நீ ஸதகா கொடுத்துட்டேம்மா, உனக்கே தெரியாம" என்றார் நன்னிமா. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீதிப் பாதியும் அதுக்கேவா?" என்று கேட்டாள். அந்தப் பாதியை அங்கேயே விட்டுவிட்டோம்.

அடுத்த நாள் செடியைச் சுற்றி வலை கட்டினோம். இதில் முரண் எதுவும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்ன செய்தி திர்மிதியில் உள்ளது. போனதற்காகப் புலம்பாமல் இருப்பதும், இருப்பதைப் பாதுகாப்பதும் சேர்ந்ததுதான் பொறுமை.

பெரிய இழப்பு 2023-ல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதையும், தாழ்வான பகுதிகளில் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறியதையும் பார்த்தோம். எங்கள் மாடியில் பைகள் சாய்ந்து, மண் கரைந்து, வேர் அழுகி ஒன்பது பைகள் போயின. மற்றவர்களின் இழப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அது ஒன்றாக இருந்தது.

கப்ரின் அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, உண்மையான பொறுமை துன்பத்தின் முதல் அதிர்ச்சியில்தான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் உணர்த்திய சம்பவம் ஹதீஸ்களில் வருகிறது. அந்த முதல் நொடிக்கு யாரும் திடீரென்று தயாராக முடியாது. ஒரு தக்காளிப் பழத்தை இழக்கும்போது 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லப் பழகிய பிள்ளைக்கு, நாளை பரீட்சையிலோ வேலையிலோ உறவிலோ இழப்பு வரும்போது அந்தச் சொல் நாக்குக்கு அந்நியமாக இருக்காது என்பதே நம் நம்பிக்கை.

அந்தப் புயலில் செத்துப் போனதாக நினைத்த கத்தரிச் செடி ஒன்றை, பிடுங்காமல் அடியிலிருந்து அரை அடி விட்டு வெட்டிவிட்டோம். மூன்று வாரம் வெறும் குச்சியாக நின்றது. பிறகு பக்கத்தில் துளிர் விட்டது. மாசி மாதம் அதில் காய் பறித்தோம். எல்லாச் செடியும் இப்படித் திரும்பி வருவதில்லை. வெண்டைகள் எதுவும் வரவில்லை. விதைப்பது நீங்களா, முளைக்கச் செய்வது யார் என்ற கருத்தில் அல்வாகிஆ அத்தியாயத்தின் 63, 64-ஆம் வசனங்கள் நம்மைச் சிந்திக்கச் சொல்வதன் பொருள் அந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கு விளங்கியது.

தண்ணீரும் அண்டை வீட்டாரும்

நம் பகுதியில் தோட்டம் என்றால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது நேற்று போல இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் குழாயைத் திறந்துவிட்டுச் செடிக்கு ஊற்றுவது நியாயமில்லை.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது. ஒளுச் செய்யும் தண்ணீரை ஒரு அகலப் பாத்திரத்தில் பிடித்தால், ஐந்து வேளைக்கு நான்கு பேர் உள்ள வீட்டில் பத்துப் பன்னிரண்டு பைகளுக்குத் தேவையான அளவு கிடைத்துவிடும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிமில் வருகிறது. நாம் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது கண்ணில் தெரிகிறது. எங்கள் வீட்டில் பிடித்த தண்ணீரின் அளவு மாதா மாதம் குறைந்தது. அதுவும் ஒரு விளைச்சல்தான்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் உப்பு அதிகம். அதைத் தினமும் ஊற்றினால் மண் கெடும். சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

பால்கனியில் செடி வைப்பவர்கள் கீழ் வீட்டுக்காரரின் துணியில் சேற்றுத் தண்ணீர் சொட்டாமல் பையின் அடியில் தட்டு வைக்க வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். தினமும் கொட்டிவிட வேண்டும். நம் தோட்டம் அடுத்தவருக்குத் தொல்லையாக இருந்தால் அதில் நன்மையைத் தேட முடியாது.

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை முஸ்லிமில் உள்ளது. தோட்டத்தில் அதைச் செய்வது இன்னும் எளிது. ஒரு பை புதினா நன்றாகப் பிடித்துவிட்டால் ஒரு வீட்டுத் தேவைக்கு மேல் வரும். ஏழைகளுக்குத் தெரியாமல் அதிகாலையில் அறுவடை செய்துவிட நினைத்த தோட்டக்காரர்களின் கதை அல்கலம் அத்தியாயத்தில் வருகிறது. அவர்கள் போய்ப் பார்க்கும்போது தோட்டமே இல்லை. எங்கள் மாடியிலிருந்து முதல் கட்டு புதினா எப்போதும் எதிர்வீட்டுக்குப் போகும். அவர்கள் முஸ்லிம்கள் அல்ல. பதிலுக்கு அவர்கள் வீட்டு முருங்கைக்கீரை எங்களுக்கு வரும்.

அடுத்த ரமலானுக்கு ஒரு திட்டம்

நம் மாதங்கள் பிறையின்படி நகர்கின்றன; பயிரோ சூரியனின்படி வளர்கிறது. அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் பதினோரு நாள் முன்னதாக வருகிறது, ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் அங்கேயே நிற்கின்றன. 2020-ல் ரமலான் கத்தரி வெயிலில் வந்தது. இப்போது அது மாசியையும் தையையும் நோக்கி நகர்ந்திருக்கிறது. கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் மிக நல்ல காலம் அதுதான்.

ஆகவே குடும்பமாக இப்படித் திட்டமிடலாம். ரஜப் பிறை தெரிந்ததும் புதினாத் தண்டை நடுங்கள். ரஜப் மாதக் கடைசி வாரத்தில் கொத்தமல்லி விதையுங்கள். ஷஅபான் முதல் வாரத்தில் வெந்தயமும் சிறுகீரையும். இன்ஷா அல்லாஹ், முதல் நோன்பின் கஞ்சிக்கு உங்கள் வீட்டு இலையே போதும். கொத்தமல்லியை ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு பை என்று விதைத்தால் ரமலான் முழுவதும் கிடைக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை கொடுத்து, அதில் பெயரையும் விதைத்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அது செத்துப்போனால் நீங்கள் இரகசியமாக மாற்றி வைத்துவிடாதீர்கள். ஏன் செத்தது என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு மறுபடி விதைக்கச் சொல்லுங்கள். மறுமை நாள் நெருங்கிவிட்ட நேரத்திலும் கையில் ஒரு நாற்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடச் சொல்லும் நபிமொழி அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. பலனைக் காண நாம் இருப்போமா என்பது நம் கணக்கில் இல்லை. நடுவது மட்டும்தான் நம்முடையது.

கிளறிப் பார்த்த என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன கார்த்திகையில் அவளுடைய தம்பி கொத்தமல்லி விதைத்துவிட்டு ஐந்தாம் நாள் விரலை மண்ணுக்குள் விடப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ கீழ வேர் போய்க்கிட்டிருக்கும்டா, தொடாதே" என்றாள்.

அல்லாஹ் நம் அனைவரையும் பொறுமையாளர்களின் கூட்டத்தில் சேர்த்து, நம் வீடுகளிலும் பிள்ளைகளிடத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.